மூன்று அமெரிக்கர்கள் விடுமுறை எடுத்த கதை

ஜெர்மனியில் ஸ்டட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊரொன்றில் தண்ணீர் பம்பு செய்கிற ஆலை ஒன்று. அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தார்கள் வெஸ்லி, ட்ரென்ட், கால்வின் என்று மூன்று அமெரிக்க இளைஞர்கள். உலகத்துக்கே சுதந்திரம் கற்றுக்கொடுக்கிற நாட்டில் பிறந்தவர்கள். அதனால் மேலாளரின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார்கள்.

மூவரில் வெஸ்லிதான் அறிவாளி என்று மற்ற இருவரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். சொந்த ஊரில் கிடங்கு வேலையில் இருந்தபோது, காய்ச்சலோடு சுவரில் சாய்ந்து நின்றான் என்பதற்காக அன்றைக்கே அவன் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அவனுக்கு அதில் கோபமே இல்லை. சுவர் கம்பெனியுடையதுதானே என்று நியாயம் பேசுவான். இங்கே சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது ஒன்றே அவன் கவலை. ஆகவே சாப்பாட்டு இடைவேளையிலும் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் பம்புமாக நின்றான்.

தொழிலாளர் குழுவின் தலைவி கெர்லிண்டே ஒருநாள் அவனைக் கையும் ரொட்டியுமாகப் பிடித்தார்.

"நாளையிலேருந்து ரெண்டு வாரம் நீங்க மூணு பேரும் லீவு. சம்பளம் வரும்."

வெஸ்லியின் முகம் வெளுத்துவிட்டது. என்ன தப்பு செய்தோம் என்று கேட்டான். ஒரு தப்பும் இல்லை, இது உங்கள் உரிமை என்றார் அவர். உரிமையெல்லாம் வேண்டாம், வேலை கொடுத்தால் போதும் என்று மன்றாடினான். கெர்லிண்டேவுக்குப் பொறுமை போய்விட்டது.

"லீவு முடியற வரைக்கும் உங்க வேலைய நீங்க தொடக்கூடாது. தொட்டீங்கன்னு தெரிஞ்சா நானே உங்கள வெளிய அனுப்பிருவேன்."

மறுநாள் காலையில் மூவரும் சமையலறையில் கூடி யோசித்தார்கள். ஆலையில் கால்வினுக்கு வேலை பொத்தானை அமுக்குவது. ட்ரென்டுக்குப் பெட்டி தூக்குவது. வெஸ்லிக்கு, முடிந்த பம்புகளில் விரிசல் இருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பது.

கால்வின் காபி மெஷினின் பொத்தானை நோக்கி விரலை நீட்டினான். வெஸ்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், அது உன் வேலைடா."

"அப்ப நீ அமுக்கு."

"உன் வேலைய நான் செஞ்சா எனக்கு என்ன பேரு தெரியுமா? கருங்காலி."

சங்கக் கூட்டத்தில் அவன் தூங்காமல் கேட்ட ஒரே சொல் அது. பிறகு தன் நிலைமையையும் யோசித்தான். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் எங்கேயாவது ஒரு விரிசல் பட்டுவிடும். பட்டால் வேலை செய்ததாக ஆகிவிடும். ஆகவே ஒரு துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டான்.

காபிக்கு என்ன செய்வது என்று கேட்டான் ட்ரென்ட். கடைக்குப் போகலாம், அங்கே ஒரு பெண் போட்டுக் கொடுப்பாள் என்றான் வெஸ்லி.

"அவளை வேலை வாங்கறது வேலை இல்லையா?"

"அடுத்தவன வேலை வாங்கறது வேலையே இல்லடா. அது நிர்வாகம்."

இப்படி நிர்வாகிகளாகவே வாரம் ஓடிற்று. சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. அந்த வட்டாரத்தில் மாடிப்படியைக் குடித்தனக்காரர்களே வாரத்துக்கு ஒருவராக முறைவைத்துப் பெருக்கிக் கழுவ வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு பலகை தொங்கும். இந்த வாரம் அது இவர்கள் கதவில் தொங்கியது. கண் கட்டியிருந்தவனுக்கு அது தெரியவில்லை. கண் திறந்திருந்த மற்ற இருவருக்கும் தெரியவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள படி சுத்தமா இருக்கணும். இல்லன்னா வேற வீடு பாத்துக்கங்க," என்றார் வீட்டுக்கார ஷாய்ஃபலே அம்மாள்.

பெருக்கினால் வேலை போகும். பெருக்காவிட்டால் வீடு போகும். வெகுநேரம் விவாதித்தார்கள். கடைசியில், ஆலையில் பெருக்குவது மூவரில் எவனுடைய வேலையும் இல்லை, ஆகவே பெருக்கலாம் என்று வெஸ்லி தீர்ப்புச் சொன்னான்.

தண்ணீர் வாளியைத் தூக்க ட்ரென்டுக்கு அனுமதி கிடையாது. காலால் தள்ளிக்கொண்டு வந்தான். படியில் விளக்குப் போடக் கால்வினுக்கு அனுமதி கிடையாது. துண்டு கட்டிய வெஸ்லி துடைப்பத்தோடு முன்னால் நடந்தான். வாளி முதல் படியிலேயே அவனை முந்திக்கொண்டு போயிற்று. அவனும் அதன் பின்னாலேயே மூன்று மாடியும் சறுக்கி, பூந்தொட்டிகளையும் செருப்புகளையும் திரட்டிக்கொண்டு, ஷாய்ஃபலே அம்மாளின் காலடியில் போய் உட்கார்ந்தான்.

"இதுக்குப் பேரு வேலையா?" என்றார் அவர், முழங்கால் வரை நனைந்து.

வெஸ்லிக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"இல்லைங்களாம்மா? இதையே எங்க தலைவிகிட்ட வந்து சொல்றீங்களா?"

எப்படியும் புகார் கொடுக்கப் போகிறவர்தான். திங்கட்கிழமை மூவரையும் ஆலைக்கு ஓட்டிக்கொண்டு போனார். இவர்கள் வேலை செய்கிறவர்கள் என்று அடித்துக் கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று கெர்லிண்டேவிடம் சாட்சி சொன்னார். வெஸ்லி கைகூப்பி நின்றான்.

கெர்லிண்டே தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, மூவரின் வேலையும் போன வாரமே நிரந்தரமாகிவிட்டது, இனி நினைத்தபடி யாரும் உங்களைத் தூக்க முடியாது, போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்றார்.

மூவரும் திகைத்துப் போனார்கள். ஒரு மூலையில் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். யாரும் தூக்க மாட்டார்கள் என்றால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று ட்ரென்டுக்கு விளங்கவில்லை. கால்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. வெஸ்லி திரும்பி வந்து, வாழ்க்கையில் முதல் முறையாகத் தொழிலாளியாக ஒரு கோரிக்கை வைத்தான்.

"வாரத்துக்கு ஒரு தடவையாவது வேலைய விட்டுத் தூக்கிருவோம்னு எங்கள மிரட்டணும்மா."

முடியாது என்றார் கெர்லிண்டே. ஊரில் இது இலவசமாகக் கிடைத்தது என்றான் வெஸ்லி. வேண்டுமானால் வேலைநிறுத்தம் செய்துகொள் என்று கத்திவிட்டுப் போனார் அவர்.

சொன்னபடியே செய்தார்கள். விடுமுறை முடிந்து திரும்பிய அன்றே போராட்டம் தொடங்கியது. முதலாளிக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதால் வேலை நேரம் முடிந்து, ஆலையைப் பூட்டி, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு வாசலில் நின்று, "மிரட்டு, மிரட்டு" என்று தொண்டை கட்டும்வரை முழக்கமிட்டார்கள். மறுநாள் விடியும் முன்பே வந்து, போராட்டத்தால் குறைந்துபோன உற்பத்தியைச் சம்பளமில்லாமல் ஈடுகட்டினார்கள்.