இறங்காத வினாத்தாள்

"அம்மா, எங்க வீட்டுல நெட் ஆமையா ஊருது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

மடத்துக்கு வருகிறவர்கள் மன நிம்மதி கேட்பார்கள். செண்பகவல்லி நெட் வேகம் கேட்டாள்.

குருமலை அடிவாரத்தில் அந்தச் சின்ன மடத்தை நடத்தியவர் நாச்சியாரம்மா. வயதில் செண்பகவல்லியைவிட இளையவர். அவளை ‘அக்கா’ என்பார். அவளோ இவரை ‘அம்மா’ என்பாள். கேட்கிறவர்கள் குழம்பினால் அது அவர்கள் பாடு.

"நெட்டுல என்ன வேணும் அக்கா?"

"பரீட்சைம்மா. கல்யாணத்துக்காக நிறுத்தின பி.ஏ.வை இப்ப தபால்ல முடிக்கிறேன். கடைசிப் பேப்பர். வீட்டுல இருந்தே எழுதணும். நேரமானதும் வினாத்தாள் கம்ப்யூட்டர்ல இறங்கணும். ரெண்டு தடவையும் பாதியில நின்னு போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா, முதல் வருசத்துல இருந்து படிக்கச் சொல்றாங்க."

சொல்லும்போதே கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது.

"நான் விடமாட்டேன்" என்றாள்.

"நெட் பெட்டி எங்க இருக்கு?"

"பூஜை அலமாரிக்குள்ள. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வச்சு உள்ள வச்சோம். சாமி பக்கத்துல இருந்ததை எடுக்க மனசு வரல. பல்லி வருதுன்னு கதவைச் சாத்தித்தான் வைப்போம்."

நாச்சியாரம்மா எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். உள்ளே இருந்து ஏதோ சொன்னார்.

"என்னம்மா? கேக்கலையே!"

மறுபடியும் ஏதோ சொன்னார். முணுமுணுப்புதான் வந்தது.

செண்பகவல்லி கதவில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். குரு உள்ளே இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே பெட்டி கூடத்துக்கு வந்தது. உயரமான இடம், மறைப்பு எதுவும் இல்லை. பொட்டை மட்டும் அவள் துடைக்கவில்லை.

பழைய வினாத்தாள்களை இறக்கிப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்தன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் இறக்கிப் பார்த்தாள். பழைய குருடி, கதவைத் திறடி.

திரும்பவும் மடத்துக்கு வந்தாள்.

"வார நாள்ல பறக்குதும்மா. ஞாயித்துக்கிழமை படுத்துக்கிடுது. பரீட்சையோ வர்ற ஞாயித்துக்கிழமை. கம்பெனிக்காரர் வந்து பார்த்துட்டு, ஒயர்ல கோளாறு இல்லைன்னுட்டார். பெரிய பிளானுக்கும் மாத்தியாச்சு."

"ஞாயித்துக்கிழமை வீட்டுல யாரெல்லாம்?"

"எல்லாரும்தான். அவுக டிவியில கிரிக்கெட். பெரியவன் கேமு. சின்னவ போன்ல படம். அத்தைக்கு சீரியல். எல்லாம் நெட்டுலதான்."

"ம்" என்றார் நாச்சியாரம்மா. "இன்னைக்கு மடத்துல சாப்பாடு. சாப்பிட்டுட்டுப் போங்க."

பந்திக்கு முந்து என்பார்கள். செண்பகவல்லி எந்தப் பந்திக்கும் முந்தியதில்லை. இலை போட்டதும் முந்தானையைச் செருகிக்கொண்டு பாயச வாளியைத் தூக்கிவிட்டாள். யாரும் அவளைத் தூக்கச் சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றார் ஒருவர். ஊற்றினாள்.

"முந்திரியா பார்த்துப் போடுங்க." போட்டாள்.

"பேத்திக்கு ஒரு தூக்குல குடுங்க." கொடுத்தாள்.

கடைசியில் தன் இலைமுன் உட்கார்ந்தாள். வாளியைச் சாய்த்தாள். கரண்டி அடியில் உரசியது.

நாச்சியாரம்மா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பாயசம் கம்மியா காய்ச்சிட்டாங்களோ?"

"இல்லம்மா. வாளி நிறைய இருந்துது."

"பிறகு எங்க போச்சு?"

"கேட்டவங்களுக்கெல்லாம் போட்டேன்."

"நீங்க கேட்டீங்களா?"

செண்பகவல்லி வெறும் வாளியைப் பார்த்தாள்.

கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். இந்த முறை ஓடவில்லை, நடந்தே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பரீட்சைக்குச் சற்று முன்னால் கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் நெட்டை நிறுத்துங்க. நான் எழுதி முடிக்கிற வரைக்கும்."

கணவர் சங்கரபாண்டியன் அவளைச் சுற்றி எட்டி டிவியைப் பார்த்தார். "கடைசி ஓவர்டி. கொஞ்சம் தள்ளு."

அவள் தள்ளவில்லை. அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தாள்.

அவர் வாயைப் பிளந்தார். இத்தனை வருடத்தில் அவர் கையில் இல்லாத ரிமோட்டை அவர் பார்த்ததே இல்லை.

மாமியார் மருமகளின் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, போனைத் தாமாகவே கவிழ்த்து வைத்தார். சின்னவளும் வைத்தாள்.

பெரியவன் மட்டும் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை.

"அம்மா, கேம் பாதி இறங்கிட்டு. இப்ப நிறுத்தினா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்மா."

"எனக்கும்தாண்டா" என்றாள் செண்பகவல்லி.