சூன்யானந்தர் பார்த்த பதினேழு கைகள்

மாறனேரி ராஜாவுக்குத் திடீரென்று தியானப் பைத்தியம் பிடித்தது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த சூன்யானந்தரைக் கூப்பிட்டு, தியானம் என்றால் என்ன என்று கேட்டார்.

"மனசில் ஒரு நினைப்பும் இருக்கக் கூடாது. நான் கண்ணை மூடினால் உள்ளே வெறும் காலிப் பானை!" என்றார் சாமியார்.

உடனே உத்தரவு பறந்தது. அரண்மனை ஆட்கள் அத்தனை பேரும் ஒரு நாழிகை கண்ணை மூடி உட்கார வேண்டும். நினைப்பு வந்தவர் கையைத் தூக்க வேண்டும். தூக்கியவருக்கு அன்றோடு வேலை போச்சு.

சாமியாரும் எதிரே கண்மூடி உட்கார்ந்தார். நாழிகை முடிந்ததும் எழுந்து முழங்கினார்:

"பதினேழு பேர் கை தூக்கினார்கள். தளபதி இரண்டு தடவை! மாவாட்டுகிற வெள்ளத்தாய் மட்டும் தூக்கவே இல்லை."

"உனக்கு நினைப்பே வரலியா?" என்று ராஜா வாயைப் பிளந்தார்.

"வந்துச்சுங்க மகாராசா. பால் சட்டியை மூடாம வந்துட்டேனேன்னு நினைச்சேன். உடனே கையைத் தூக்கணும்னு நினைச்சேன். அதுவும் ஒரு நினைப்புதானே? அதுக்கு இன்னொரு கை. அதுக்கும் மேல கைக்கு நான் எங்க போவேன்? பேசாம இருந்துட்டேன்."

"ஏமாத்துக்காரி! வெளியே போ!" என்று சீறினார் சாமியார்.

"போறேன் சாமி. நீங்க கண்ணை மூடிக் காலிப் பானையா இருந்தப்ப, அந்தப் பதினேழு கையையும் யாரு பார்த்தா?"

ராஜா சாமியார் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க சாமி. இப்ப பானைக்குள்ள என்ன இருக்கு?"

சாமியார் மெதுவாக ஒரு கையைத் தூக்கினார்.

"பதினெட்டு!" என்றார் தளபதி.