இளைத்து வந்த அரண்மனை நாய்

சுரைக்கொல்லை என்றாலே வண்டிக்காரர்கள் மாட்டைத் தட்டி ஓட்டிய காலம் அது. ஏரி உடைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தறிகள் நின்றுபோயின. சுவர் இடிந்தால் எடுத்துக் கட்ட ஆளில்லை. "சுரைக்கொல்லையில் மாட்டை அவிழ்த்தால் மூக்கணாங்கயிறுகூட மிஞ்சாது" என்று யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்க, அதுவே ஊருக்குப் பெயராகிவிட்டது. உண்மையில் திருடுகிற அளவுக்குத் தெம்புள்ள ஆள் ஒருவன்கூட அங்கே இல்லை.

இந்தப் பேச்சு கொண்டல் மகாராஜாவின் காதிலும் விழுந்தது. அதுவும் சம்பந்தி வீட்டுப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் வாயிலிருந்து! மானம் கப்பலேறிவிட்டது. திரும்பி வந்ததும் ராஜா சபையைக் கூட்டினார்.

"சுரைக்கொல்லைக்கு நல்ல பெயர் வரவேண்டும். வழி சொல்லுங்கள்."

பிரதானி சங்கரலிங்கம் எழுந்தார். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு வழி உண்டு. அந்த வழி எப்படிச் சுற்றினாலும் அவருடைய மச்சினன் ஊரான மேலக்கோட்டையில் போய்த்தான் முடியும்.

"அது நடக்காத காரியம், மகாராஜா. அங்கே கூடுகிற செவ்வாய்ச் சந்தையை மேலக்கோட்டைக்கு மாற்றிவிடுவோம். சுரைக்கொல்லைப் பக்கம் யாரும் போகாவிட்டால், அதைக் கேலி பேசவும் ஆளிருக்காது."

தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம். சபை "ஆகா" என்றது. ஊரை நேரில் பார்த்துவரவும் பிரதானியையே ராஜா அனுப்பினார்.

சேதி சுரைக்கொல்லைக்கு எட்டியது. அங்கே மிஞ்சியிருந்த பிழைப்பு ஏழு சோற்றுக்கடைகள்தான். சந்தைக்கு வருகிற கூட்டம்தான் அவற்றுக்கு உயிர். கடைக்காரிகளில் ஒருத்தியான காத்தாயி, ஒரு கலயத்தோடு அரண்மனை விகடகவி மருதக்குட்டியின் வாசலில் வந்து நின்றாள்.

"சந்த போச்சுன்னா ஏழு அடுப்பும் அணைஞ்சிரும் சாமி. அப்புறம் ஊருல சனம் எதுக்கு இருக்கும்? ஆளுக்கொரு தெசையா கூலிக்குப் போக வேண்டியதுதான்."

மருதக்குட்டி கலயத்தைத் திறந்தான். வரகுச் சோறு, சுண்டைவற்றல் குழம்பு, கொள்ளுத் துவையல். அவன் வாய் பதில் சொல்லக் காலியாக வெகுநேரம் ஆயிற்று.

"அடுப்பை அணைக்காதே அக்கா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பிரதானி ஊரைப் பார்த்துவிட்டு வந்து சபையில் முழங்கினார். "அங்கே நாய்கூடப் பிழைக்க முடியாது, மகாராஜா! சோற்றுக்கடைக் கொல்லையில் நிற்கிற நாய்களின் விலா எலும்பை எண்ணிவிடலாம். நம் அரண்மனைக் கொல்லை நாய்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி மாதிரி!"

மருதக்குட்டி எழுந்தான். "பிரதானி சொன்னது அத்தனையும் சத்தியம். ஒரு சின்னச் சந்தேகம். நம் நாய்கள் எதைத் தின்று கொழுக்கின்றன?"

"விருந்து முடிந்து விழுகிற எச்சில் இலைகளை."

"இலையில் என்ன இருக்கும்?"

பிரதானியை முந்திக்கொண்டு மருதக்குட்டியே பதிலும் சொன்னான்.

"எல்லாமே இருக்கும், மகாராஜா! இந்தச் சபை தினமும் 'அமிர்தம், அமிர்தம்' என்று சொல்லிக்கொண்டே பாதிச் சோற்றை இலையோடு மூடிவிட்டு எழுந்துபோகிறது. வாய் முகஸ்துதி பேசும். இலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. காத்தாயி கடை இலையில் கறிவேப்பிலைகூட மிஞ்சுவதில்லை. நாய் எப்படிக் கொழுக்கும்?"

ராஜாவின் மீசை துடித்தது. சபை முழுவதும் தரையில் எதையோ தேடியது.

"நிரூபிப்பாயா?" என்றார் ராஜா.

"நம் நாய்களில் கொழுத்த ஒன்றைப் பதினைந்து நாள் காத்தாயி கடைக் கொல்லையில் கட்டிவையுங்கள். விழுகிற இலையெல்லாம் அதற்கே. காவலுக்குப் பிரதானியின் ஆளே இருக்கட்டும். நாய் கொழுத்தால் சந்தையை மாற்றுங்கள். இளைத்தால் சந்தை அங்கேயே இருக்கட்டும்."

பிரதானி உடனே சம்மதித்தார். அன்று மாலையே தம் சேவகர்கள் முப்பது பேரைக் கூப்பிட்டார். "தினம் இரண்டு வேளையும் காத்தாயி கடையில் சாப்பிடுங்கள். பாதியை இலையில் மிச்சம் வையுங்கள். நாய் யானையாகத் திரும்பி வரவேண்டும்!"

பதினாறாம் நாள் நாய் சபைக்குள் துள்ளிக் குதித்து வந்தது. போகும்போது அதை இரண்டு பேர் தள்ளவேண்டியிருந்தது. அதற்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

பிரதானிக்குப் புத்திக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது. "அடப் பாவிகளா! பாதி மிச்சம் வைக்கச் சொல்லித்தானே முப்பது பேரை அனுப்பினேன்!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? ராஜா சேவகர் தலைவன் வீரணனை அழைத்தார்.

"ஏன் மிச்சம் வைக்கவில்லை?"

"மொத நாளு சத்தியமா வச்சோம் மகாராசா. எந்திரிக்கிறதுக்குள்ள காத்தாயக்கா அது மேலயே இன்னொரு கரண்டி கொழம்ப ஊத்திருச்சு. அப்புறம் எப்படிங்க எந்திரிக்கிறது?"

"ஊர் எப்படி இருக்கிறது?"

"உக்கார எடமில்லீங்க! அரமன ஆளுங்க முப்பது பேரு தேடி வந்து திங்கிறாங்களேன்னு, வழியில போற வண்டிக்காரனெல்லாம் மாட்ட அவுத்துட்டான். ஏழு கடையிலயும் கூட்டம். 'சுரக்கொல்லையில சாப்பிடாதவன் என்னடா வண்டிக்காரன்'னு இப்ப பேச்சாகிப்போச்சு. நேத்து நாங்களே காத்துக் கெடந்துதான் சாப்பிட்டோம்."

மருதக்குட்டி பிரதானியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "நான் அனுப்பியது ஒரு நாய். தாங்கள் அனுப்பியது முப்பது வாய். அந்த ஊருக்கு நல்ல பெயர் தேடித் தந்த புண்ணியவான் தாங்கள்தான்!"

ராஜா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "சந்தை சுரைக்கொல்லையிலேயே நடக்கும். பிரதானியாரே, நம் அமிர்தத்தை இனித் தினமும் நீர் இலை துடைத்துச் சாப்பிடவேண்டும். ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது." பிரதானி வேப்பெண்ணெய் குடித்தவர்போல் விழித்தார்.

"மருதக்குட்டி, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

"பொன்னும் பொருளும் வேண்டாம், மகாராஜா. நாளைய அரண்மனை விருந்துக்கு வராமலிருக்க எனக்கு அனுமதி வேண்டும். சுரைக்கொல்லைக்கு வண்டி சொல்லிவைத்திருக்கிறேன்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து குனிந்து அவன் காதருகே வந்தார்.

"மெல்லப் பேசடா, சமையற்காரன் காதில் விழப்போகிறது. அந்த வண்டியில் எனக்கும் ஓர் இடம் வை."