காப்பியில் முழுகிய சர்க்கரை

மாசானத்துக்குப் பெண் கேட்டுப் போன பத்து இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். பதினோராவதாகச் சுண்டக்குறிச்சியில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. தாய்மாமன் ஐயாக்குட்டியும் சித்தப்பா மகன் சங்கிலியும் துணைக்குக் கிளம்பினார்கள். மாசானத்தின் அம்மா வாசல்வரை வந்து எச்சரித்தாள்.

"சம்பந்தம் பேசப் போற வீடு. அவங்க கையில குடுக்கிற எதையும் தொலைச்சிடாதீங்க. இதுவும் தவறிப்போச்சுன்னா இவனுக்குப் பொண்ணே கிடையாது."

சுண்டக்குறிச்சியில் பெண் இசக்கியம்மாள் கொதிக்கக் கொதிக்கக் காப்பியும் ஒரு கிண்ணம் சர்க்கரையும் கொண்டுவந்து வைத்தாள். "வேணுங்கிற அளவு போட்டுக் கலக்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இவர்களோ கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு காப்பி குடித்தே வளர்ந்தவர்கள். ஆளுக்கு மூன்று கரண்டி போட்டார்கள். கலக்கினார்கள். குனிந்து பார்த்தார்கள்.

மாசானம் டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "மாமா, சர்க்கரையைக் காணோம்!"

"நல்லாப் பாருலே, அடியில கிடக்கும்."

மாசானம் விரலை விட்டுத் துழாவினான். விரல் வெந்ததுதான் மிச்சம்.

"என்னுதுலயும் இல்ல" என்றான் சங்கிலி. "நீச்சல் தெரியுமான்னு கேக்காமலே போட்டுட்டோமே!"

ஐயாக்குட்டி தோள்துண்டை எடுத்து ஒரு செம்பின் வாயில் விரித்தார். மூன்று டம்ளர் காப்பியையும் வடிகட்டினார்கள். துண்டுதான் பழுப்பானது. ஈரத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அதை முற்றத்து வெயிலில் காயப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் சாரைசாரையாக வந்தன.

"சொந்தக்காரங்க" என்றார் ஐயாக்குட்டி, குரலைத் தாழ்த்தி. "தகவல் போயிருச்சு."

மூவரும் கைகட்டி நின்றார்கள். "எங்களை நம்பித்தான் குடுத்தாங்க, நாங்கதான் பறிகொடுத்துட்டோம்" என்று மாசானம் எறும்புகளிடம் சொன்னான். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சர்க்கரையும் போச்சு, கல்யாணமும் போச்சு.

சத்தம் கேட்டு அப்பாவோடு வெளியே வந்த இசக்கியம்மாளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "செம்புல இருக்கிறதைக் குடிச்சுப் பாருங்க" என்றாள்.

குடித்தான். முகம் மலர்ந்தது. "இருக்கு மாமா! ஆளுதான் தெரியல!"

"சூடா இருக்கிறதுல போட்டா சட்டுன்னு கரைஞ்சிடும், ஆறிப்போனா அவ்வளவு சீக்கிரம் கரையாது" என்று விளக்கிவிட்டு, அவள் அப்பாவிடம் திரும்பினாள். "மூணு கரண்டி சர்க்கரைக்கே இப்படி அழுறவரு, என்னைத் தொலைச்சிட மாட்டாருப்பா. எனக்குச் சம்மதம்."

மீதிக் காப்பியை மூவரும் பகிர்ந்து குடித்தார்கள். தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. மாசானத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

திரும்பும்போது உச்சி வெயில். காலையில் குளிரக் குளிரக் கடந்து வந்த ஆற்றில் ஒரு காலை வைத்த மாசானம் துள்ளிப் பின்வாங்கினான். "மாமா, தண்ணி சுடுது!"

"இறங்காதலே!" என்று ஐயாக்குட்டி அலறினார். "வயிறு பூரா சர்க்கரை. சுடுதண்ணியில இறங்கினா சட்டுன்னு கரைஞ்சிடுவோம்!"

"நான் கரைஞ்சிட்டா தாலி கட்டுறது யாரு?"

"அதனாலதான் சொல்றேன். ஆறு ஆறட்டும்."

மூவரும் கரையில் வரிசையாக உட்கார்ந்து, துண்டால் ஆற்றுக்கு விசிற ஆரம்பித்தார்கள். அப்போது ஆடு மேய்க்கிறவர் ஒருவர் நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அக்கரை போய்ச் சேர்ந்தார்.

"அவர் கரையலையே, மாமா?" என்றான் மாசானம்.

ஐயாக்குட்டி விசிறுவதை நிறுத்தவில்லை.

"சர்க்கரை போடாமக் குடிச்சிருப்பாருலே."