இரண்டாவது வண்டிக்கு எழுந்த கூச்சல்

மாங்குடிப் பாளையத்தை ஆண்ட சொக்கபூபதி ராஜாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் உயிர். வருஷா வருஷம் அவரே வண்டி ஏறுவார், அவரே ஜெயிப்பார். தோற்க வழி ஏது? ராஜாவின் வண்டி பக்கத்தில் வந்தாலே மற்றவர்கள் கயிற்றை இழுத்துப் பிடித்துவிடுவார்கள். ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி அவருக்கு மட்டும் தெரியாது.

அவர் சபையில் குத்தாலம் என்று ஒரு வாயாடி. கூத்தோ பந்தயமோ சேவல் சண்டையோ, முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவான். பார்த்துவிட்டுச் சும்மா வருவானா? "ராஜபார்ட்டுக்குப் பாட்டைவிட மீசை நீளம்" என்று எதையாவது சொன்னால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

அந்த வருஷப் பந்தயம் முடிந்ததும் தளவாய் அனந்தப்பன் ராஜா காதில் ஓதினார். "மகாராஜா ஜெயிக்கிற நேரம் குத்தாலம் கொட்டாவி விட்டான். என் ரெண்டு கண்ணாலே பார்த்தேன்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "ஏனப்பா, விட்டாயா?"

"விட்டேன் மகாராஜா. ஊரே விட்டது. நான் முன்வரிசை, மாட்டிக்கிட்டேன்."

ராஜா விடவில்லை.

"கூத்துக்கு விடிய விடியக் கத்துகிற சனம், என் பந்தயத்துக்கு ஏன் கத்தவில்லை?"

"கூத்திலேயும் ராஜபார்ட்தான் ஜெயிப்பான்னு பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனா விடியற வரைக்கும் உதை வாங்குவான். திரை விலகினதுமே ஜெயிச்சுட்டா எவன் உட்காருவான்?"

தளவாய் குறுக்கே விழுந்தார். "பேச்சு பலமா இருக்கே! அடுத்த பௌர்ணமிக்கு இன்னொரு பந்தயம் வைப்போம். இவன் சனத்தைக் கத்த வைக்கட்டும். காசு கொடுக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. மகாராஜாதான் ஜெயிக்கணும்!"

"அப்படியே ஆகட்டும். முடியாவிட்டால் குத்தாலம், நீ பாளையத்து எல்லையைத் தாண்டிவிடு" என்றார் ராஜா.

குத்தாலம் யோசித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் கூத்தும் இல்லை, பந்தயமும் இல்லை. அங்கே போய் அவன் எதைப் பார்ப்பான், எதைக் குறை சொல்வான்?

மறுநாளே சந்தையில் போய் நின்றான். "ராஜா முதல். அந்தப் பேச்சை விடுங்க. ரெண்டாவது யாரு? மேலத்தெரு வண்டியா, கீழத்தெரு வண்டியா?"

அவ்வளவுதான். ஊர் ரெண்டாகப் பிரிந்தது. மச்சான் மாப்பிள்ளை முகம் பார்க்கவில்லை.

பௌர்ணமியும் வந்தது. கூச்சலில் காக்கைகள் ஊரைவிட்டுப் பறந்தன. ராஜா முதலில் வந்து இறங்கி, பூரித்துப் போய்க் கையசைத்தார். யார் பார்த்தார்கள்? அத்தனை தலையும் வந்த வழியையே பார்த்துக் கிடந்தது.

"யாருக்கு இந்தக் கத்தல்?"

"ரெண்டாவது வர்றவனுக்கு, மகாராஜா."

"பார்த்தீர்களா அவமானத்தை!" என்று துள்ளினார் தளவாய்.

"காலையிலே சூரியன் வருமான்னு யாராவது பந்தயம் கட்டுவாங்களா? நீங்க ஜெயிக்கிறதும் அப்படி ஆயிடுச்சு. தோற்கிற பாக்கியம் பின்னாலே வர்றவனுக்குத்தானே இருக்கு!" என்றான் குத்தாலம்.

"எனக்காகக் கத்த வேண்டுமென்றால்?"

"எல்லாரும் கயிற்றைத் தளர்த்தணும், மகாராஜா."

ராஜா வண்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுங்கள். சாயங்காலம் மறுபடி ஓடுவோம். எனக்காகக் கயிற்றை இழுப்பவன் நாளை முதல் கழுதை மேய்ப்பான்!"

சாயங்காலம் ராஜா மூன்றாவதாக வந்தார். ஆனால் அந்த ஓட்டம் இருக்கிறதே! "விடாதே ராஜா! முடுக்கு, முடுக்கு!" என்று கிழவர்கள்கூட மரியாதை மறந்து கத்தினார்கள். மேலத்தெரு, கீழத்தெரு எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

இறங்கியபோது அவர் முகமெல்லாம் செம்மண். வாயில் நறநறவென்றது. துப்பிவிட்டுக் கேட்டார்: "அடேய் குத்தாலம், முன்னால் போகிற வண்டி இவ்வளவு புழுதி கிளப்புமா? இத்தனை வருஷமாக ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லையே!"

"எப்படித் திறக்கிறது, மகாராஜா? வாய் நிறைய உங்க வண்டிப் புழுதிதானே இருந்தது!"

ராஜா சிரித்த சிரிப்பில் மீசையிலிருந்த செம்மண் பறக்க, பக்கத்தில் நின்ற தளவாய் கண்ணைக் கசக்கினார். ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குத்தாலத்துக்குப் போட்டார்.