முதலாளியின் கால் எந்தப் பக்கம்?

கபடிப் போட்டிக்குக் கோப்பை கொடுத்தவர் மில் முதலாளி குழந்தைவேலு. கோப்பை கொடுத்தவருக்குக் கோடு எம்மாத்திரம்? தன் சோபாவை எல்லைக்கோட்டை ஒட்டியே போடச் சொல்லி, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

கோட்டு நடுவர் பூவரசி பணிவாகச் சொன்னாள்: "ஐயா, இது நான் நிக்கிற இடம். கோட்டுக்கு வெளியே, கோடு முழுசாத் தெரியிற மாதிரி நிக்கணும். சோபாவைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"கண்ணு இருந்தா எங்கேருந்தும் தெரியும். பின்னாடி போய் நில்லும்மா!"

பூவரசி சோபாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

இறுதி ஆட்டம். முதலாளியின் மில் அணியும் எதிரணியும் சமம். கடைசியாகப் பாடிப் போனவன் முதலாளி அணிக்காரன். எவனையும் தொடுமுன்னே கோட்டோரம் தடுமாறி, முதலாளியின் காலை நச்சென்று மிதித்துவிட்டான். "ஐயோ!" என்று அவர் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது.

பூவரசி விசில் ஊதினாள். "அவுட்! பாயிண்ட் எதிரணிக்கு!"

"அவன் உள்ளேதான் இருந்தான்! பின்னாடி நின்ன உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியலைங்க ஐயா. உங்க காலுக்குத் தெரியுமே! அது கோட்டுக்கு வெளியே இருந்தா, அதை மிதிச்சவன் அவுட். உள்ளே இருந்துச்சுன்னா, ஏழு பேர் ஆடுற ஆட்டத்துல உங்க அணிக்கு நீங்க எட்டாவது ஆள். அப்ப மொத்த அணியும் வெளியே. எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"வெளியேதாம்மா."

எதிரணிக்குக் கோப்பை கொடுக்க எழுந்தவர், ஓரடி வைத்து நின்று, பூவரசியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எங்கேம்மா நிக்கட்டும்?"