இருபதாவது கல்

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் நால்வர்: வெளித்தேர்வாளர் திருவேங்கடநாதன், பேராசிரியை லூர்துமணி, அட்டெண்டர் ஏசுவடியான், நிலவியல் பட்டத்துக்கான கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு வந்த வள்ளிமயில். மேசையில் தேர்வாளரின் டீ, பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் பெயர் சொல்லவேண்டிய இருபது கற்கள்.

சுண்டைக்காய் அளவு வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து, "இது உப்புக்கல் சார்," என்றாள் வள்ளிமயில்.

"குவார்ட்ஸும்மா அது. நாற்பது வருஷமா பார்க்கிறேன்," என்றார் தேர்வாளர். "இதைத் தப்பாச் சொன்னா உனக்குப் பட்டம் கிடையாது."

"நக்கிப் பார்க்கலாமா சார்?"

"என் முன்னால கல்லை நக்குவியா? சுத்தியல், ஆசிட் எதையும் தொடாதே."

அவள் கல்லை அவருடைய சூடான டீயில் போட்டுக் கலக்கினாள். லூர்துமணி பதறி எழுந்தார். ஏசுவடியான் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"குவார்ட்ஸ்னா டீ ருசி மாறாது சார். குடிங்க."

ஒரு வாய் குடித்தவர் அதை விழுங்க முடியாமல் விழித்தார். பிறகு முழு மதிப்பெண் போட்டார்.

தட்டில் மீதி பத்தொன்பது கற்கள்.